பனிச் சங்கிலிக்கு நல்ல நேரம்

என் மனைவியின் அண்ணன் எட்டு மாதமாக வேலையில்லாமல் ரோவில் புறநகரில் இருந்தார். பதினேழு ஆண்டுகள் மென்பொருள் எழுதியவரை, ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் கூட்டம் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவர் மலையடிவாரத்தில் ஆறு ஏக்கர் காணியும் ஒரு பழைய டிராக்டரும் வாங்கினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விளக்கிவிடுவார் என்ற பயம்.

ஆச்சரியமாக, அந்த டிராக்டருக்கு ஒரு வேலையும் கிடைத்தது. மலை விடுதிக்குப் போகும் இரண்டு கிலோமீற்றர் மண்பாதையில் குளிர்காலம் முழுவதும் பனி தள்ள வேண்டும். விடுதியின் முகாமையாளர் சிரிப்பை வீணாக்காத பெண்மணி. முதல் பனிக்குப் பின் வரும் சனிக்கிழமை, பத்தரைக்கு விருந்தினர் பேருந்து வரும்போது பாதை திறந்திருந்தால் வேலை உங்களுக்கு, இல்லாவிட்டால் போன வருடம் செய்தவருக்கு என்றார்.

"நீங்களும் போய் நில்லுங்கோ," என்றாள் மனைவி. "இயந்திரத்தோட வாற புத்தகமெல்லாம் வாசிக்கிற ஆள் நீங்கள் ஒராள்தானே."

சலவை இயந்திரத்தின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை வாசித்தவன் நான். இது பாராட்டல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

டயரில் பூட்டும் பனிச் சங்கிலியின் கையேடு நான்கே பக்கம். இரண்டு முறை வாசித்து, மூன்று விதிகளை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். பனி தொடங்கும் இடத்தில்தான் பூட்ட வேண்டும். தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. பூட்டிச் சிறிது தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

மச்சானிடம் வேறொரு கையேடு இருந்தது. டிராக்டர் கொட்டகையின் சுவரில், கொழும்பில் அச்சான நாட்காட்டி.

"சனி ஒன்பதில இருந்து பத்தரை ராகு காலம். பனி இருக்கிறது விடுதிப் பாதைக் கேற்றுக்கு அங்கால. கேற்றை அந்த மனுசி ஒன்பதுக்குத்தான் திறக்கும். ராகு காலத்தில புதுச் சங்கிலி பூட்டேலாது, மச்சான்."

"அப்ப எப்ப பூட்டுறது?"

"வெள்ளி பன்னிரண்டேகாலுக்கு. இஞ்சயே."

"இஞ்ச இருந்து கேற்றுக்கு மூண்டு கிலோமீற்றர் தார் ரோட்டு."

"மெதுவா ஓடுவன்."

மூன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எழுதியவனுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது என்றார்.

வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்தோம். நான்கு சில்லுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பின் டயர்கள் என் நெஞ்சளவு உயரம். சங்கிலியை இருவரும் தூக்கி அவற்றின் மேல் போர்த்தி, கொக்கிகளின் கூர் வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்டினோம். மச்சான் டயருக்குக் குங்குமமும் வைத்தார். குறை சொல்ல முடியாத வேலை. ஓட்டாமல் அப்படியே வைத்திருந்தால் இன்றும் அழகாக இருந்திருக்கும்.

சனி எட்டேகாலுக்குப் புறப்பட்டோம். நான் பின்னால் காரில். ஊரிலுள்ள பாத்திரமெல்லாம் ஒன்றாக விழுந்து உருளும் சத்தம் மூன்று கிலோமீற்றரும் கேட்டது. கேற்றடியில் இடது சங்கிலி இரண்டு இடத்தில் அறுந்து, டயரை விட்டு நழுவி ரோட்டில் கிடந்தது. வலதுபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. முகாமையாளர் கேற்றைத் திறந்து, சங்கிலியைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தன் பனி வண்டியில் மேலே போனார்.

கையேடு சொன்னபடி உதிரி வளையம் நான்கு கொண்டுவந்திருந்தேன். அவற்றை எடுத்து நீட்டியபோது மணி ஒன்பது ஐந்து. மச்சான் கைகட்டி நின்றார்.

"பத்தரை வரைக்கும் தொடேலாது."

"பத்தரைக்கு பஸ் வந்திடும். நேற்றே தொடங்கியாச்சுத்தானே?"

"கழண்டிட்டுது எல்லே. அந்தத் தொடக்கம் போச்சு."

அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதம் தங்கை வீட்டில் ஞாயிறு மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் முன் எழுந்து, எல்லாக் கோப்பைகளையும் கழுவிய மனிதர். இந்த வேலையும் போனால் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

ஆகவே, ராகு காலத்தை ஒருநாளும் நம்பாத நான், காரின் பொனற்றில் நாட்குறிப்பை விரித்தேன். தினமும் சூரியன் எழும் நேரத்தை ஏன் எழுதுகிறேன் என்று மனைவி கேட்பாள். அன்றுதான் பதில் கிடைத்தது.

"உன்ர கலண்டரில இருக்கிறது கொழும்புச் சூரியன், மச்சான். இஞ்ச இண்டைக்கு ஏழு இருபதுக்குத்தான் எழும்பினது. அஞ்சு அஞ்சுக்குப் படும். பகலை எட்டாப் பிரி. சனிக்கு மூண்டாவது பங்கு."

மென்பொருள்காரர் அல்லவா, தன் கைபேசியில் தானும் கணக்கிட்டார். ராகு காலம் ஒன்பது நாற்பத்தாறுக்குத்தான் தொடங்கும் என்று வந்தது.

"அப்ப இன்னும் நேரம் கிடக்கு," என்று சங்கிலியின் மறுமுனையைத் தூக்கினார்.

அறுந்த இடங்களில் வளையம் போட்டோம். டயரில் போர்த்தினோம். அவர் டிராக்டரை அரைச் சுற்று நகர்த்த, நான் பனியில் படுத்து உள்பக்கக் கொக்கியை மாட்டினேன். விரல்கள் என்னுடையவை என்ற உணர்வு போயிருந்தது. வலதுபக்கத்தையும் கழற்றிப் பூட்டினோம். ஒன்பது நாற்பத்தொன்றுக்குக் கடைசிக் கொக்கி.

ஒன்பது ஐம்பதுக்கு, நூறு மீற்றர் தள்ளி, நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் விதி: மறுபடி இறுக்க வேண்டும். மச்சான் மணியைப் பார்த்தார். இறுக்குவது தொடக்கமல்ல, தொடர்ச்சி என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் இருக்கையை விட்டு இறங்கவில்லை. இறுக்கியவன் நான். எனக்கு ராகு ஒன்றும் செய்யமாட்டாராம்.

பத்து இருபத்தேழுக்குப் பாதை திறந்தது. பேருந்து ஆறு நிமிடம் பிந்தி வந்தது. முகாமையாளர் டிராக்டரைச் சுற்றி வந்து, டயரில் இருந்த சிவப்புப் புள்ளியைக் காட்டி என்ன என்று கேட்டார். பாதுகாப்புச் சோதனை முடிந்ததற்கான அடையாளம் என்றார் மச்சான், கண் சிமிட்டாமல். நல்ல நடைமுறை, ஒவ்வொரு முறையும் போடுங்கள், திங்கள் காலையும் பனி விழும் என்றார் அவர்.

மறுநாள் ஞாயிறு மச்சான் சாப்பிட வந்தார். கோப்பை கழுவவில்லை. "திங்களுக்கு எத்தனை மணி மச்சான்?" என்று மட்டும் கேட்டார். குளிர்காலம் முழுமைக்கும் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். மனைவி அதைப் படமெடுத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். நோபல் பார்க் புறநகரிலிருந்து ஒரு அன்ரி நேற்று அழைத்து, வீடு குடிபுக நல்ல நாள் கேட்டார். நான் நம்புவதில்லை என்றேன்.

"அது பரவாயில்லை, தம்பி," என்றார். "கணக்குச் சரியெண்டு சொல்லினம்."