சொட்டுப் பெற்றோல்

மோட்டார் சைக்கிள் இல்லாத ஒருவர் பெற்றோல் சேர்த்துக்கொண்டிருந்தார். அதுவும் எந்தக் காலத்தில்? போர்த்தடையால் வன்னிக்குள் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத காலத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, அங்கிருந்து ஜெயபுரம் என்று ஓடிவந்து, காடு வெட்டிய காணியில் தறப்பாள் கொட்டில் போட்டு நானும் மனைவியும் குந்தியிருந்தோம். எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது.

எங்கள் கொட்டிலுக்கு முன்னால் ஒரு பாலைமரம். அதன் கீழ் அவர் சைக்கிள் ரியூப்புகளுக்கு ஒட்டுப்போடுவார். செல் குண்டு விழுந்து வலது கால் முழங்காலோடு போயிருந்தது. அதற்கு முன்பே மனைவியும் போய்விட்டாள். எப்படி என்று நான் விசாரிக்கவில்லை. அவருடைய தங்கச்சிதான் சமைத்துப் போட்டாள். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தப் பழமொழிக்கு ஆள் தேடினால் அவரைத்தான் காட்டவேண்டும். ஆனால் அந்த மனிதர் சிரித்தார். காலையில் எங்களை எழுப்புவதே அவருடைய சிரிப்புச் சத்தம்தான்.

அப்போது மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. எஞ்சினை எழுப்ப மட்டும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விடவேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு ஓடும். அதனால் மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரிடமும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் இருக்கும். தங்கத்தைப் போல் பொத்திப் பொத்தி வைத்திருப்போம். என் மோட்டார் சைக்கிள் ரயரில் முள் குத்தியபோது, அவர் ஒட்டுப்போட்டுவிட்டு ஊசிமருந்துப் போத்தல் ஒன்றை நீட்டினார்.

"காசு வேண்டாம் தம்பி. ஒரு சொட்டு விடுங்கோ."

"உங்களுக்கென்னத்துக்கு அண்ணை? குடிக்கவோ?"

"தேவைப்படும்."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டாலும்," என்று சிரித்தார்.

மனம் இல்லாமல் ஒரு சொட்டு விட்டேன். கொட்டிலுக்குள் வந்து, "காலும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. ஆசைக்கு மட்டும் குறைவில்லை," என்றேன். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருத்தர் சிரிச்சால் உங்களுக்கு ஏன் கடிக்குது?" என்று கேட்டாள்.

மாரி தொடங்கியது. ஒரு மத்தியானம், கொட்டும் மழையில், நாள் வருமுன்னே அவளுக்கு வலி கண்டது. மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

"பிள்ளை குறுக்கை கிடக்குது. இஞ்ச வைச்சுப் பாக்கேலாது. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. இல்லாட்டி ரெண்டு உயிரும் தப்பாது."

 மோட்டார் சைக்கிளை இழுத்து, பெற்றோல் போத்தலை எடுத்தால், மூடி இறுகாமல் அதற்குள் மழைத்தண்ணீர். எஞ்சினை உதைத்தேன். செத்த மாடு போலக் கிடந்தது. மறுபடி மறுபடி உதைத்தேன். உள்ளே அவள் கத்தினாள். நானும் வெளியே கத்தினேன், யாரைத் திட்டினேன் என்றே தெரியாது.

அப்போது அவர் ஊன்றுகோலில் சேற்றைக் கடந்து வந்தார். வரும் வழியில் ஒருமுறை விழுந்து எழும்பினார். வாயில் அந்த ஊசிமருந்துப் போத்தலைக் கவ்வியிருந்தார். பாதியைத் தானே காபரேற்றருக்குள் விட்டார். எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது. மிச்சத்தை மூடி என் சட்டைப் பையில் திணித்தார்.

"வழியில நிண்டால் இதை விடு தம்பி. நிப்பாட்டிப் போடாதை."

அவர் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். முகத்தில் சிரிப்பு இல்லை.

மனைவியை நடுவில் இருத்தினேன். பின்னால் அவருடைய தங்கச்சி ஏறி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிரவல் வீதி முழுக்கக் கிடங்கும் குழியும். மதகடியில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாய்ந்தது. வண்டியை வெள்ளத்துக்குள் இறக்கினேன். நடுவழியில் தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றது.

தங்கச்சி வீரிட்டுக் கத்தினாள்.

"ஐயோ, இதிலதான்! இதிலதான் அண்ணியும்!"

"என்ன?"

"இந்த மதகிலதான் அண்ணான்ரை மோட்டார் சைக்கிளும் நிண்டது. திரும்ப எழுப்பப் பெற்றோல் இல்லை. அண்ணி அண்ணான்ரை மடியிலதான் செத்தவா. வயித்தில பிள்ளையோடை."

 இத்தனை நாளும் பாலைமரத்தின் கீழிருந்து சிரித்தவர் இவரா? எதற்குச் சேர்க்கிறார் என்று தெரியாமலா நான் குடிக்கவோ என்று கேட்டேன்? யோசிக்க நேரம் இல்லை. வண்டியைக் கரைக்குத் தள்ளினேன். பிளக்கைக் கழற்றி, இடுப்பில் கட்டிய சாரத்தின் உள்மடிப்பில் துடைத்துப் பூட்டினேன். மிச்சப் பெற்றோல் முழுவதையும் விட்டேன். கடைசிச் சொட்டுக்குப் போத்தலின் அடியில் தட்டினேன்.

ஒரே உதையில் எழும்பியது.

பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள் என்று தாதி வந்து சொன்னபோது நான் சிரிக்கவில்லை, வெறும் போத்தலைக் கைக்குள் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தேன்.

மோட்டார் சைக்கிளை எழுப்பச் சொட்டுப் பெற்றோலும் இல்லாததால், மறுநாள் இரவல் சைக்கிளில் ஊருக்கு வந்து, வெறும் போத்தலை அவரிடம் கொடுத்தேன். மகள் என்றதும் ஊன்றுகோலைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"எப்பிடி அண்ணை சிரிக்கிறியள்?"

"அழுது பாத்தனான் தம்பி. கனநாள் அழுதனான். அவா வரேல்லை. இனி அந்த மதகில ஒருத்தரும் நிக்கக்கூடாது எண்டு நினைச்சன். அப்பிடி நினைச்ச பிறகு மூஞ்சையைத் தூக்கிக்கொண்டிருந்தால் ஆர் எனக்குச் சொட்டு விடுவினம்?"

 அந்த நேரம் காற்றுப்போன மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்தார். எங்கோ ஓமந்தைப் பக்கம் போகிற அவசரம். இவர் ஒட்டுப்போட்டு முடித்து, அந்த வெறும் போத்தலை நீட்டினார்.

"காசு வேண்டாம். ஒரு சொட்டு விடுங்கோ."

அந்த ஆள் அவருடைய காலைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார்.

"உங்களுக்கென்னத்துக்கு? குடிக்கவோ?"

 அவர் வழக்கம்போலச் சிரித்தார். நான் போய் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கோ அண்ணை," என்றேன். "ரெண்டு சொட்டா விடுங்கோ."