பாலத்தில் ஒருவர்

எருமப்பட்டியில் எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே, சுவரில், நீலச் சித்திரம் போட்ட பெரிய நீள்சதுரப் பீங்கான் தட்டு ஒன்று பதிந்திருக்கிறது. வெள்ளைத் தட்டில் ஒரு வளைந்த மரம், இரண்டு பறவைகள், ஓடம், அடுக்குக் கூரை வீடு. கீழ்மூலை மட்டும் பீங்கான் இல்லை, சுண்ணாம்பு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்களிடம், "அந்த மூலையத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வருமுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அது என் அண்ணன் கொண்டுவந்த சீர். ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவில் அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்னால் நாங்கள் இந்த வீட்டில் குடிபுகுந்தோம். புதுவீட்டுக்குத் தாய்வீட்டுச் சீர் என்றால் பித்தளைக் குடமும் அண்டாவும்தான் வரும். அண்ணன் துண்டில் சுற்றி இந்தத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சீனத்துச் சித்திரமாம், செய்தது சீமையிலாம். துரைசானி ஊர் திரும்பும்போது கொடுத்தது. பத்து வருஷம் தினமும் கழுவியும் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அவர் பார்த்த பொருள்களிலேயே அழகானது அதுதான். அதனால் அது தங்கைக்கு. துரைமார் அதில் என்னென்ன வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்ற யோசனை அந்த வெள்ளை மனசுக்கு வரவே இல்லை. என் மாமியாருக்கு உடனே வந்தது.

"ஏனுங்க தம்பி, தொரை கறி தின்ன தட்டையா எங்கூட்டுக்குச் சீருன்னு கொண்டாந்தீங்க?"

கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் நீட்டும் சீரைத் தங்கை இரண்டு கைகளாலும் வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வயதுக்குப் பிறகும் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு, கை நனைக்காமலே போய்விட்டார். இனி இந்த வாசலை அவர் மிதிக்கவே மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

முன்சுவர்ப் பூச்சு பாக்கியிருந்தது. ஒரு மாதம் கழித்து வந்த கொத்தனார் தட்டைப் பார்த்துவிட்டு, "இதுல தின்னாத்தானுங்கம்மா தீட்டு, செவுத்துல பதிச்சா என்னங்க?" என்றார். மாமியார் சாந்துச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவருடைய சம்மதம் அப்படித்தான் இருக்கும். பதித்துத் தட்டும்போது, பாலம் வரைந்திருந்த கீழ்மூலை நொறுங்கி விழுந்தது. எல்லாரும் பார்க்க ஓவென்று அழுதேன். மறுநாள் சேலம் போகிற வண்டிக்காரரிடம், தட்டு உடைந்துவிட்டது, அண்ணனை வரச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

பத்தாம் நாள் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"பத்து வருசமா நான் ஒடைக்காதத ஒரே நாள்ல ஒடச்சுப்போட்டயே சாமி!" என்று சிரித்தார். துணிக்குப் போடும் நீலம் கேட்டார். இன்னும் பூச்சு வேலையில் இருந்த கொத்தனாரிடம் மூலையில் புதுச் சுண்ணாம்பு பூசச் சொல்லி, வேப்பங்குச்சியை மென்று தூரிகையாக்கி, உடைந்துபோன பாலத்தை மனப்பாடமாக வரைந்தார். பழைய சித்திரப்படி பாலத்தின் மேல் மூன்று பேர் போகவேண்டும். ஒருவரை வரைந்து, அவர் தலையில் தட்டு மாதிரி ஏதோ வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

"மிச்ச ரெண்டு பேரு எங்கண்ணா?"

"அவங்க எதுக்கு? இது நானு. உன்ற ஊட்டுக்கு வாரேன்."

அன்று மாமியாரே இலை போட்டுப் பரிமாறினார். பிற்பாடு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "மருமவளுக்கு அவங்கண்ணன் செஞ்ச சீருங்க, சீனத்துத் தட்டு" என்று அவர் அடித்துக்கொண்ட பெருமையை நான் சொல்லி முடியாது.

அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. நீலம் வெளிறுவதால் பொங்கலுக்குப் பொங்கல் நானே முக்காலி போட்டு ஏறி அந்த மூலையைத் திருத்துகிறேன். இந்த வருஷம் கை நடுங்கியதில், குச்சியாக இருந்த மனுஷருக்குத் தொந்தி போட்டுவிட்டது. இறங்கி நின்று பார்த்தேன். தலையில் தட்டோடு இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார். யாரும் இல்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, நீலம் அப்பிய இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டினேன்.