சங்கு ஊதாமல் ஆடிய பூமி

நாலைந்து வருடம் முன்னால் நடந்தது. பல்லடம் பக்கம், கல்குவாரியை ஒட்டிய சின்ன ஊரில் எங்கள் ஓட்டு வீடு. என் கணவருக்கு அந்தக் குவாரியில்தான் பாறையில் துளை போடுகிற வேலை. வெடி வைக்கும் முன் சங்கு ஊதி, குழியிலிருந்து ஆட்களையெல்லாம் மேலே ஏற்றிவிடுவார்கள். சங்குச் சத்தம் கேட்டால் நானும் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். டமார் என்று ஒரு சத்தம், சுவரிலிருந்து கொஞ்சம் மண் உதிரும், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதில் நடுங்கியிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது.

அன்று காலை சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மகள் சேலைத் தொட்டிலில் தூக்கம். சங்கு ஊதவில்லை. ஆனால் காலுக்கடியில் பெரிய லாரி போவதுபோல ஓர் உறுமல். அலமாரியில் இருந்த போசி, பாத்திரமெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கீழே விழுந்தன. தொட்டில் தானாக ஆடியது. மகளை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். பின்னாலேயே ஓடுகள் சரிந்து விழுந்து உடைந்தன.

வாசலில் நின்றபோதுதான் அது உறைத்தது. சங்கு ஊதாமல் வெடித்திருக்கிறது என்றால், ஆட்கள் குழிக்குள்ளேயே இருந்திருப்பார்களே! பக்கத்து வீட்டு அக்காவின் கணவரும் அங்கேதான் வேலை செய்கிறார். அந்த அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். போன் போட்டால் லைன் போகவில்லை. குவாரி மேலே புழுதி எழும்பி நின்றது.

இடுப்பில் பிள்ளையோடு ஓடினேன். செருப்பு போடவில்லை. ஜல்லி குத்தியதுகூட அப்புறம்தான் தெரிந்தது. என் கணவரை எப்படிக் கிடத்தியிருப்பார்களோ, முகமாவது தெரியுமோ என்றெல்லாம் மனசு என்னென்னவோ காட்டியது.

பாதி வழியில், உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதியாக ஓர் ஆள் எதிரே ஓடி வந்தார். கிட்டே வந்த பிறகுதான் அது என் கணவர் என்று தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளின் தலை, கை, கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஊடு உழுந்துபோட்டுதுன்னு நெனச்சேன் அம்மணி," என்றார்.

"குழியில வெடிச்சுதுங்களா?"

"வெடியே வெக்கல. பூமிதான் ஆடிருக்குது."

தண்ணீர் குடிக்க அவர் மேலே ஏறி வந்த நேரம் அது. அவர் துளை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் பெரிய பாறை ஒன்று சரிந்து விழுந்துவிட்டதாம். அக்காவின் கணவரும் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பொழுது சாயும்வரை ஊரே கோயில் மைதானத்தில்தான் இருந்தது. இன்னொரு தடவை ஆடுமோ என்று யாரும் வீட்டுக்குள் போகவில்லை. வேறெங்காவது போய்விடலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"எங்க போனாலும் கீழ பூமிதானே கண்ணு? இங்கயாச்சும் நமக்கு ஊடும் வேலையும் இருக்குது," என்றார். தைரியமாகத்தான் சொன்னார். ஆனால் டம்ளரிலிருந்த டீ வேட்டியில் சிந்தியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கூரையைச் சரிசெய்துகொண்டு இன்றும் அங்கேதான் இருக்கிறோம். எரிமலை, நிலநடுக்கம் என்று டிவியில் காட்டும்போது, "அந்த ஊர்களில் ஏன்தான் குடியிருக்கிறார்களோ!" என்று முன்பெல்லாம் சொல்லுவேன். இப்போது அப்படிக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. வேலைக்குப் போனவர் திரும்பி வரும்வரை அங்கேயும் ஒருத்தி பயத்தோடுதான் சோறு பொங்கிக்கொண்டிருப்பாள்.