சொல் வரிசையில் ஒரு மாதம்

எங்கள் பள்ளியில் பிள்ளைகளை வாசிப்பை வைத்து நான்காகப் பிரித்திருந்தோம்: எழுத்து, சொல், பத்தி, கதை. தினமும் காலையில் ஒரு மணி நேரம், எந்த வகுப்பு என்று பார்க்காமல், அவரவர் வரிசையில் உட்கார வேண்டும். சொல் வரிசை என்னுடையது. ஆறு பேர்தான். ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, விரல் வைத்து வாசிக்கச் சொல்வேன். மற்ற அறைகளில் கூட்டம் அதிகம். அங்கே அதெல்லாம் நடக்காது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு. நான்கெழுத்துச் சொல் வந்தால் திக்குவாள். கழித்தலில் கடன் வாங்க வேண்டிய இடம் வந்தால் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு முன்கோபம் உண்டு, ஆனால் இவளிடம் மட்டும் கோபம் வரவில்லை. மதியம் தட்டை எடுத்துக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ராஜபாளையத்தில் என் வீட்டில் பேச ஆளில்லை. பள்ளிக்கு வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதுதான் அன்றைய முதல் பேச்சு.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கண்ணாடியை மறந்துவிட்டுப் போயிருந்தேன். சென்னையில் இருக்கும் மகனிடமிருந்து போனில் ஏதோ வந்திருந்தது. எழுத்து தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் எட்டிப் பார்த்து மடமடவென்று வாசித்தாள்: "அம்மா, இந்தத் தீபாவளிக்கும் லீவு கெடைக்கல. பொங்கலுக்குப் பாப்போம். உடம்பப் பாத்துக்கோங்க."

வாசித்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! மகன் வராத வருத்தமும், இவள் அகப்பட்டுக்கொண்ட சிரிப்பும் எனக்கு ஒன்றாக வந்தன.

"ஏட்டி, எம்புட்டு நாளா இப்படி?" என்றேன்.

"வீட்ல அம்மா மில்லுல இருந்து வந்ததும் தூங்கிரும் டீச்சர். இங்கனதான் நீங்க பேசுவிய."

மறுநாளே அவளைக் கதை வரிசைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பிள்ளைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவள் போய்விட்டால் மதியம் நான் தனியாகச் சாப்பிட வேண்டும். பதிவேட்டில் ஒரு மாதம் அவள் பெயருக்கு நேரே 'சொல்' என்றே எழுதினேன்.

ஒருநாள் காலை வாசிப்பு நேரத்தில், மில்லில் இரவு வேலை முடிந்த கையோடு அவள் அம்மா வந்து நின்றார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எம்புள்ளைக்கு மூளையில எதும் கொறை இருக்கா டீச்சர்? மத்த பிள்ளைக எல்லாம் மேல போயிருச்சு. இவ மட்டும் இங்கனயே கெடக்கா. மதுரைல டாக்டர்ட்ட காட்டணுமா? மில்லுல லீவு கூடச் சொல்லிட்டேன்."

கதைப் புத்தகத்தை விரித்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் புத்தகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "படி," என்றேன். பக்கம் முழுவதையும் ஓரிடத்தில்கூட நிற்காமல் படித்தாள்.

அம்மா அழுதுவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். எம்புள்ளைக்குக் கண்ணத் தொறந்து விட்டுட்டிய." உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பிள்ளையும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கதை வரிசை அறைக்குப் போனாள்.