வாய் கட்டிச் சமைத்த புளியோதரை

நேற்று என் மனைவி ஒரு கரண்டி ரசத்தை என் உள்ளங்கையில் ஊற்றி, "உப்பு பாத்துச் சொல்லுங்க" என்றாள். வாய்வரை கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டேன். ஆயுசில் பாதியை அடுப்படியில் கழித்தவன் ரசத்துக்குப் பயப்படலாமா என்று சிரிக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் சிரியுங்கள்.

திருத்தணி மலையடிவாரத்தில் பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர்களுக்கு ஒரு சத்திரம் இருந்தது. ஆடிக் கிருத்திகை வந்தால் சுற்றுவட்டாரமே காவடியோடு எங்கள் ஊரில் வந்து இறங்கும். திருவாலங்காட்டுக்காரர்கள் வெல்லத்தைக் கையோடு கொண்டுவந்து, அத்தனையையும் பொங்கலில் போடச் சொல்வார்கள். மணவூர்க்காரர்கள் சாப்பிடும்போதே ரயிலுக்கு மணி பார்ப்பார்கள். பள்ளிப்பட்டுக்காரர்களுக்கோ, ஆந்திரா கூப்பிடு தூரம் என்பதால், புளியோதரையில் சோற்றைவிட மிளகாய் அதிகம் தெரிய வேண்டும். அவர்களுக்குச் சமையல் என் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் அவருக்குக் காய் நறுக்குவேன், பல சமயம் விரலையும் சேர்த்து.

அந்த வருஷம் நைனா காய்ச்சலில் விழுந்தார். கிருத்திகைக்கு முதல் நாளே வீட்டில் புளிக்காய்ச்சல் செய்து வைத்திருந்தார். நான் போய்ச் சோறு வடித்துக் கலந்தால் போதும். 'போதும்' என்று சொன்னது நான்தான்.

சத்திரத்தில் வைத்துக் கும்பிடும் முருகன் வேலுக்குப் படைக்கும்வரை சமைப்பவன் ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. வாயையும் மூக்கையும் துண்டால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவோம். வெள்ளைத் துணியில் சோற்றைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, புளிக்காய்ச்சலைச் சேர்த்துக் கிளறும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. நைனா புளிக்காய்ச்சலிலேயே மொத்த உப்பையும் போட்டுவிட்டாரா, நான் போட்டுக்கொள்வேன் என்று விட்டுவிட்டாரா?

தங்கையை வீட்டுக்கு விரட்டினேன். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"நைனா ஊசி போட்டுகினு தூங்கறாரு. எழுப்பினா 'மொளகா, மொளகா'ன்னு மட்டும் சொல்றாரு."

வெளியே அரக்கோணத்து மாமா உட்கார்ந்திருந்தார். தூரத்து உறவு. அவரும் சமையல்காரர். சாப்பாடு முடிந்ததும், காவடிக் கூட்டத்துக்குத் தலைவியான ராஜம்மாக்கா வெற்றிலைத் தட்டை யாரிடம் கொடுக்கிறாளோ அவருக்குத்தான் அடுத்த வருஷச் சமையல். வருஷா வருஷம் நைனா கைக்கு வந்த தட்டு. மாமா இப்போதே கையைத் துடைத்துத் தயாராக இருந்தார்.

மலையிலிருந்து பம்பைச் சத்தம் இறங்கி வந்தது. முந்தின நாள் முழுக்க நடந்து, பட்டினியாக மலையேறிவிட்டு வரும் அறுபது வயிறுகள். உப்பு ஜாடி முன்னால் நின்று முருகனைக் கூப்பிட்டேன். கிருத்திகையன்று அவருக்கு ஏது நேரம்? கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கை அள்ளிப் போட்டுக் கிளறினேன்.

படைத்தாயிற்று. முதல் கவளம் ராஜம்மாக்காவுக்கு. வாயில் போட்டாள். மென்றாள். நிறுத்தினாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மென்றாள். அறுபது பேரும் அவள் தாடையையே பார்த்தார்கள். என் உயிரும் அந்தத் தாடைக்கு நடுவில்தான் இருந்தது.

"மோர் அண்டாவ இப்டி இழுங்கடா," என்றாள். "அல்லாரும் துன்னுங்க."

மாமா ஒரு வாய் போட்டதும் துள்ளினார். "ஐயோ, உப்பு! இன்னாடா இது, புளியோதரையா ஊறுகாயா?"

"நான்தாங்க தூக்கலா போடச் சொன்னேன்." ராஜம்மாக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு நாளா வேர்த்து ஊத்திகினு நடந்த ஒடம்புக்கு உப்பு வாணாமா? பஸ்ல வந்தவருக்கு இன்னா தெரியும்?"

மாமா பஸ்ஸில்தான் வந்திருந்தார். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே, கண்ணில் நீர் வர, மோரைக் குடித்துக் குடித்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தது.

வெற்றிலைத் தட்டை என் கையில் வைக்கும்போது மட்டும் அக்கா குனிந்து, "ஏன்டா தம்பி, மெட்ராஸ் கடலயே மொண்டுகினு வந்து ஊத்திட்டியா? ஒங்க நைனாகிட்ட சொல்லாத. நானும் சொல்ல மாட்டேன்," என்றாள். சாகும்வரை சொல்லவில்லை.

சத்திரத்தை இடித்து வருஷங்களாகின்றன. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். போன ஆடியில் அங்கே சும்மா நின்றிருந்தேன். பள்ளிப்பட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஏசி காரிலிருந்து இறங்கியது. தோளில் காவடி, நெற்றி நிறைய விபூதி. ஒருவர் முகத்திலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை.