வளைவில் மட்டும் கேட்ட சத்தம்

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது மட்டும் எங்கள் காருக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. யாரோ கீழேயிருந்து ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது மாதிரி இருக்கும். நேர்ச்சாலையில் வராது. சேலத்தில் இறங்கிவிட்டால் கேட்கவே கேட்காது. மலையிலும் சில நாள் வரும், சில நாள் வராது.

நானும் என் கணவரும் ஏற்காட்டில் ஒரு சின்ன பேக்கரி நடத்துகிறோம். மைதாவுக்கும் வெண்ணெய்க்கும் சேலம் இறங்க வேண்டும். காலையில் வாழவந்தி, வெள்ளக்கடைப் பக்கம் டீக்கடைகளுக்கு பன் கொண்டுபோய்ப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கார்தான். ஓட்டுவது நான். அவருக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் ஓட்டிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார். எங்கள் பாதையில் அது ஆகாது.

"ஏனுங்க, கேட்டுச்சா?" என்பேன்.

"என்னம்மா கேக்கோணும்?" என்பார்.

கடைசியில் ஒரு நாள் அவருக்கும் கேட்டுவிட்டது. வண்டியைச் சேலத்தில் வாங்கின கம்பெனி ஷோரூமுக்கே கொண்டுபோனோம்.

அங்கே எங்களைக் கவனித்த சர்வீஸ் அட்வைசர் ஒரு இளம் பெண். கையில் டேப்லெட், முகத்தில் குறையாத சிரிப்பு. வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சத்தம் எதுவுமே வரலைங்களே மேடம்" என்றாள்.

"இங்க வராதுங்க. மலை ஏறுனாத்தான் வரும்."

"பரவால்லைங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்."

மதியம் நாங்கள் சேலத்திலேயே காத்திருந்தபோது போன் வந்தது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்ற வேண்டுமாம், முப்பத்தெட்டாயிரம். நாங்கள் அந்தத் தொகையை ஜீரணிப்பதற்குள் மறுபடியும் போன். ஸ்டியரிங் பாகமும் தேய்ந்திருக்கலாம் என்று உள்ளே பட்டறையில் சொல்கிறார்களாம். அப்படியானால் அறுபதைத் தாண்டும்.

"சரியா எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"இறக்கிப் பாத்தாத்தான் மேடம் சொல்ல முடியும்."

"அதை மாத்துனா சத்தம் நின்னுருமா?"

டேப்லெட்டில் எதையோ தட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "நிக்கணும்ங்க மேடம்" என்றாள். அந்த 'நிக்கணும்' எனக்குப் பிடிக்கவில்லை. என் கணவரோ அதற்குள் வண்டியையே விற்றுவிட்டார், மனசுக்குள்.

"இந்தக் காசுக்குப் பெரிய ஓவனே வாங்கிப் போடலாம். வண்டியைக் குடுத்துப்போட்டு பஸ்ஸுல போயிக்கலாம் வுடு."

"பன்னு ட்ரேயெல்லாம் மடியில வெச்சுக்கிட்டாங்க போவீங்க?"

நான் நேராக ஷோரூமுக்குப் போய் அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்தேன். சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்த விதத்தில் பாதிக் கோபம் போய்விட்டது.

"நீங்க யாருமே அந்தச் சத்தத்தைக் கேக்கலை. கேக்காத சத்தத்துக்கு எதை மாத்துவீங்க? எங்கூட மலைக்கு வாங்க. ஒருக்கா கேளுங்க. அப்புறம் என்ன சொன்னாலும் சரின்னு கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் மேனேஜரைக் கேட்டாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். ஒரு சீனியர் மெக்கானிக்கையும் கூட அனுப்பினார். நல்ல வாட்டசாட்டமான ஆள். வண்டியைச் சுற்றி வந்து யோசித்தவர், "சத்தம் எந்தப் பக்கம்னு காதுலதான் பிடிக்கணும். நான் டிக்கியில படுத்துக்கறனுங்க" என்றார். பின் சீட்டில் ஒரு பாதியை மடக்கிவிட்டு, டிக்கியிலிருந்து காலை நீட்டிப் படுத்தார். மீதிச் சீட்டில் அந்தப் பெண் ஒடுங்கி உட்கார்ந்தாள். கூட வந்திருந்த என் கணவர் முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பள்ளிக்கூடத்து டூரில் இதே மலையில் வாந்தி எடுத்ததிலிருந்து மலைப் பக்கமே வந்ததில்லை என்று அப்போதுதான் சொன்னாள்.

அடிவாரச் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தினார்கள். காவலர் பின்கதவைத் திறந்தார். திறந்தவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"யாருங்க இது?"

"மெக்கானிக்குங்க" என்றார் என் கணவர்.

"இங்க எதுக்குப் படுத்திருக்காரு?"

"சத்தம் கேக்கறதுக்குங்க."

காவலர் குனிந்து, படுத்திருந்தவரிடமே கேட்டார். "ஏனுங்ணா, உங்க சம்மதத்தோடதான் போறீங்களா?"

"ஆமாங்க சார். டூட்டிங்க" என்றார் மெக்கானிக், படுத்தபடியே கும்பிட்டு. எனக்கு வந்த சிரிப்பில் முதல் கியர் விழவே இல்லை.

ஏறினோம். முதல் வளைவில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தம் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. அடுத்தடுத்த வளைவுகளில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். வண்டி புத்தம்புதுசு மாதிரி போனது. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அத்தனை பேச்சுப் பேசி இவர்களை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேனே!

"இன்னிக்கு லீவு போட்டுருச்சாட்ட இருக்குது" என்றார் என் கணவர்.

அந்தப் பெண் கண்ணை மூடி, நான் கொடுத்த எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, சத்தம் வராத நாளெல்லாம் வண்டியில லோடு இருந்துச்சுங்களா?"

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். சேலத்திலிருந்து மைதா மூட்டையோடு ஏறும் நாளில் வந்ததே இல்லை. காலியாகப் போகும்போதுதான் வந்திருக்கிறது.

"அப்ப அண்ணன்தான் மூட்டை" என்றாள் அவள். "அண்ணா, நீங்க பின்னாடி படுத்திருக்கறதாலதான் கேக்கலை. முன்னாடி வாங்க!"

அடுத்த வளைவில் வண்டியை ஓரம்கட்டினேன். மெக்கானிக் முன்சீட்டுக்கு வர வேண்டுமென்றால் அங்கே இருந்த என் கணவர் இறங்கத்தான் வேண்டும். கையில் பன் பாக்கெட்டோடு தடுப்புச் சுவர் அருகே நின்றார்.

"என்னைக் குரங்குக்குக் குடுத்துப்போட்டுப் போறயா?"

"பத்து நிமிசத்துல வந்தர்றோமுங்க!"

மெக்கானிக் முன்சீட்டில் உட்கார்ந்தார். அடுத்த வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினேன்.

டொக்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பரீட்சையில் பாஸானவர்கள் அப்படிக் கத்துவார்கள். "பின்னாடி! இடது பக்கம்!" என்று அந்தப் பெண் சீட்டைத் தட்டினாள். குமட்டலெல்லாம் எங்கே போனதோ. இன்னும் இரண்டு வளைவு ஏறி உறுதிசெய்துகொண்டு, மெக்கானிக் இறங்கிக் கீழே ஒரு துணியை விரித்துப் படுத்து, பின் சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டு ஆட்டினார். பின்பக்க ஷாக் அப்சார்பரைத் தாங்குகிற ரப்பர் புஷ் ஒன்று தேய்ந்து போயிருந்தது. மேலே பாரம் அழுத்தினால் அது ஆடாதாம்.

"முன்பக்கம் எதையும் தொட வேண்டாமுங்க" என்றார். "இதை நாங்க தேடியே இருக்க மாட்டோம்."

திரும்பி இறங்கியபோது என் கணவர் தடுப்புச் சுவர் மேல் ஏறி நின்றிருந்தார். பன் பாக்கெட் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குரங்கின் மடியில் இருந்தது. "நல்ல பன்னுனு அதுக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

அவ்வளவு தூரம் வந்தவர்களை அப்படியே கீழே கொண்டுபோய் விட மனசு வரவில்லை. கடைக்கு அழைத்துப் போனோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சூடான தேங்காய் பன்னைத் தின்றுகொண்டே டேப்லெட்டில் புது எஸ்டிமேட் போட்டாள். மூவாயிரத்துச் சொச்சம். பழைய தொகையை அழிக்கும்போது கொஞ்சம் நிறுத்தி, "நானும் உள்ள சொன்னதைத்தான் அக்கா சொன்னேன்" என்றாள்.

"தெரியும் கண்ணு. இன்னொரு பன்னு எடுத்துக்கோ."

வேலை முடிந்து வந்த பில்லில் எங்களைக் கேட்காமல் வீல் அலைன்மென்ட்டையும் சேர்த்திருந்தார்கள். அதற்கு ஒரு போன் போட்டேன், பில்லிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். வண்டி காலியாகவே எல்லா வளைவையும் சத்தமில்லாமல் ஏறியது.

இரண்டு நாள் கழித்து கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து என் கணவருக்கு ஒரு அழைப்பு வந்தது. எங்கள் சர்வீசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் தருவீர்கள் என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவளுக்கு வேண்டியது ஒரு எண். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். செக்போஸ்ட் வந்தபோது மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. நடுவில் இரண்டு தடவை, "சார், மார்க் மட்டும்..." என்றாள். இவர் விடவில்லை.

"இரும்மா, இனித்தான் குரங்கு வருது" என்றார்.