கடிக்காத நாய்

தன் சோற்றுத் தட்டில் கைவிட்ட நாலு வயசு மகளை லேசாகக் கவ்விவிட்டது என்று, சின்னபொண்ணு வீட்டு நாய் கறுப்பியைத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "இனிமே புள்ளைய கடிக்காத நாயா பாத்து இட்டுக்கினு வா" என்று புருஷன் துரையிடம் கறாராகச் சொன்னாள்.

துரைக்கு வயலில் எலி பிடிக்கும் வேலை. வரப்பின் இந்தப் பக்கம் அவன் வளையைத் தோண்டினால், அந்தப் பக்கம் தப்பி வரும் எலியை நாய்தான் அமுக்க வேண்டும். உத்திரமேரூர் பக்கம் பண்ணை வீடு கட்டியிருந்த சென்னைக்காரர், "குழந்தை இருக்கிற வீட்டுக்கு லேப்ரடார்தான் சரி. யாரையும் கடிக்காது" என்று தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்தார்.

அவர் சொன்னது சத்தியம். இன்று வெளியே வந்த ஒவ்வொரு எலியையும் அது முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டி வழியனுப்பி வைத்தது. நிலத்துக்காரர் சிரித்த சிரிப்பு வீடு வரைக்கும் துரையின் காதிலேயே இருந்தது.

"துன்றது மட்டும் நாலு நாய் சோறு. இன்னாத்துக்கு இந்த எழவு?" என்று கம்பை ஓங்கினான். நாய் நிதானமாக எழுந்து மகளின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. அவள் பாய்ந்து வந்து அவன் கையை நறுக்கென்று கடித்தாள்.

கம்பு கீழே விழுந்தது. துரை கையை உதறிக்கொண்டே பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இவள உங்கண்ணன் வூட்ல வுட்டுட்டு, கறுப்பிய இட்டுக்கினு வா."